சிரிஞ்சை எடுக்கும் முன் குப்பியைப் படியுங்கள்

நர்சிங் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் படிக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுகிறேன். கம்யூனிட்டி போஸ்டிங்குக்காக எங்கள் சந்துகளுக்குள் வரும் உங்களில் பலர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், வார்டில் மலையாளம் என்று நாளெல்லாம் மாறி மாறிப் பேசுகிறீர்கள். இந்த ஒரு பாடத்தையாவது உங்களோடு தமிழிலேயே பேசிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பாடம், சர்க்கரை நோயின் வகைகளும் இன்சுலினும்.

இன்சுலின் என்றால் உங்கள் நோட்டில் ஓர் அட்டவணை இருக்கும். எது எத்தனை நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், எப்போது உச்சம், எத்தனை மணி நேரம் நிற்கும். தேர்வுக்கு முந்தின இரவு அதை உருப்போட்டுவிட்டால் பத்து மதிப்பெண் நிச்சயம். அட்டவணை வேண்டும்தான், அதைத் தெரியாமல் யாரும் வார்டுக்குள் வரக் கூடாது. ஆனால் உங்கள் முன்னால் படுத்திருக்கும் மனிதருக்கு எந்த வகைச் சர்க்கரை, அவர் வீட்டு மேசையில் எந்தக் குப்பி, எந்த சிரிஞ்சு என்பதெல்லாம் அட்டவணையில் இருக்காது. அது தெரியாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான காரணங்கள்.

ஐ.சி.எம்.ஆரும் சென்னையிலுள்ள டாக்டர் மோகன் குழுவினரும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். மாநில வரிசையில் கோவா 26.4 சதவீதம், புதுச்சேரி 26.3, மூன்றாவதாகக் கேரளம் 25.5. தமிழ்நாடு 14.4. கேரளத்தில் வயதுவந்த நான்கு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பஜார் ரோட்டு மசாலாக் குடோன்களில் மூட்டை சுமப்பவர்கள், சேர்லாயிலுள்ள கொங்கணி வீடுகள், குஜராத்திக் கடைக்காரர்கள், கச்சி மேமன்கள், ராவுத்தர்கள், வெளி என்னும் பகுதியில் துணி வெளுக்கும் நம் தமிழர்கள் என்று எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் யாரோ ஒருவர் மாத்திரை டப்பாவோடு வருவார். எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "சுகர் இருக்கு." அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

முதல் வகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றே போகிறது. பெரும்பாலும் குழந்தைகள், பதின்வயதினர், ஆனால் நாற்பதிலும் வரலாம். இவர்களுக்கு இன்சுலின் வெறும் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து அல்ல, மூச்சைப் போல. 1922 ஜனவரி 11-ல் டொரான்டோ பொது மருத்துவமனையில் பதினான்கு வயது லியனார்ட் தாம்ஸனுக்கு முதல் ஊசி போடும்வரை, இந்தக் குழந்தைகளுக்கு மருத்துவம் என்றால் பட்டினிதான். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சில மாதங்கள் நாளைத் தள்ளுவார்கள். அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. உயிர்வேதியியலாளர் கொலிப் மருந்தை மேலும் சுத்தப்படுத்தித் தந்து, அதே மாதம் 23-ம் தேதி மறுபடி போட்டபோதுதான் பையனின் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. அடுத்த ஆண்டே இன்சுலின் கண்டுபிடிப்புக்காக பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு.

வீடுகளிலும் வார்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: "புள்ள வாந்தி எடுத்துக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர், ஒண்ணும் சாப்பிடல, அதனால ஊசி போடல." அந்தத் தாய் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். சாப்பாடு இல்லையென்றால் சர்க்கரை ஏறாதே, பிறகு எதற்கு இன்சுலின்? உடலுக்குள் நடப்பது வேறு. காய்ச்சலும் வாந்தியும் வந்தால் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும். கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். இன்சுலின் இல்லாததால் செல்கள் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும். குழந்தை வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கும், வாயில் பழவாசனை வரும். இப்போது முன்பைவிட அதிகமாக வாந்தி. அம்மா அடுத்த வேளை ஊசியையும் நிறுத்துவாள். முதல் வகை நோயாளிக்கு நாள் முழுக்கப் பின்னணியில் நிற்கும் நீண்டநேர இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் முழுவதுமாக நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைக் கூட்டலாம், குறைக்கலாம். நீண்டநேர இன்சுலின் போயே ஆக வேண்டும். வாந்தி, காய்ச்சல் நாளில் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் சர்க்கரையையும் கீட்டோனையும் பார்த்து, தண்ணீர் கொடுத்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதைத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை. டாக்டர் சீட்டு எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட முதல் வகைக் குழந்தைகளுக்காகக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் 'மிட்டாயி' என்ற திட்டத்தை நடத்துகிறது. இன்சுலினும் பரிசோதனைக் கருவிகளும் அதன் வழியாகக் கிடைக்கின்றன. நீங்கள் போகும் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்து, அந்தக் குடும்பத்துக்கு இது தெரியாமல் இருந்தால், அன்று நீங்கள் செய்யக்கூடிய பெரிய மருத்துவம் அந்தத் தகவலைச் சொல்வதுதான்.

இரண்டாம் வகையைப் பற்றி எல்லாப் புத்தகமும் விரிவாகப் பேசுவதால் நான் அதிகம் சொல்லவில்லை. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்கு மசியாது. ஆண்டுகள் போகப் போகச் சுரப்பும் குறையும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து இன்சுலின் தேவைப்பட்டால் அது நோயின் போக்கு. "நீங்க ஒழுங்கா இல்லாததாலதான் ஊசிக்கு வந்துட்டீங்க" என்று யாராவது சொல்வதைக் கேட்டால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். ஊசியைத் தண்டனையாக நினைத்துத் தள்ளிப்போட்டுக் கால் விரலை இழந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

இனி, கேரளம் சர்க்கரை நோய் வரலாற்றுக்குக் கொடுத்த ஒரு வகை. உங்கள் மருந்தியல் நூலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, அதனால்தான் விரித்துச் சொல்கிறேன். ஐம்பது, அறுபதுகளில் கேரளத்து மருத்துவமனைகளில் ஒரு புதிரான நோயாளிக் கூட்டம். ஒல்லியான, ஏழை இளைஞர்கள். சிறுவயதில் விட்டு விட்டு வரும் கடும் வயிற்றுவலி, இருபதை எட்டும்போது சர்க்கரை, மலத்தில் எண்ணெய் மிதக்கும், பலர் நடுவயதைப் பார்க்கவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் கணையம் முழுக்கச் சுண்ணாம்புக் கற்கள். இந்தோனேசியாவில் ஸூய்டெமா என்ற மருத்துவர் 1959-ல் இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்த்து, குறித்து, 1968-ல் தனி நூலாகவே கொண்டுவந்தவர் கேரளத்தின் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ். நார்ச்சுண்ணாம்புக் கணையச் சர்க்கரை நோய் என்று இதைச் சொல்லலாம். ஏழைகளின் உணவான மரவள்ளிக்கிழங்கில், இங்கே கப்பை என்போமே, அதிலுள்ள சயனைடுப் பொருள்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பின்னால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கப்பையே தொடாதவர்களுக்கும் நோய் வந்தது, 'ஸ்பிங்க்-1' என்ற மரபணுவில் உள்ள மாற்றங்கள் பலரிடம் தென்பட்டன. 2008-ல், இதே கொச்சியின் அம்ருதா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுவதிலுமிருந்து 1,086 நாட்பட்ட கணைய அழற்சி நோயாளிகளை ஆராய்ந்தபோது, பழைய வர்ணனைக்கு அப்படியே பொருந்தியவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்குள் நோயின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் கணையம் கெட்டுச் சர்க்கரை வந்தவர்கள் இன்றும் வருகிறார்கள், மதுவால் கணையம் கெட்டவர்களும் சேர்ந்து.

ஒரு நர்ஸுக்கு இது ஏன் முக்கியம்? இவர்களுக்கு இன்சுலின் தேவைப்படும், ஆனால் முதல் வகைபோல் கீட்டோன் எளிதில் ஏறாது. அதைவிட முக்கியமான ஒன்று, கணையமே சிதைந்துவிட்டதால் சர்க்கரை இறங்கும்போது தூக்கிவிடும் குளுக்ககான் சுரக்கும் செல்களும் பழுதாகியிருக்கலாம். ஆகவே இவர்களுக்கு லோ சுகர் வந்தால் ஆழமாக இறங்கும், தானாக ஏறாது. இரவு நேரத்தில் கவனிக்க வேண்டிய நோயாளி. கூடவே செரிமான என்ஸைம் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்து அரைமணி கழித்துப் போட்டால் பயன் இல்லை. என்ஸைம் சரியாக எடுத்து உணவு உடம்பில் ஒட்டத் தொடங்கியதும் சர்க்கரை ஏறலாம், இன்சுலின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு உறவுக்காரனாக இன்னொரு வகை. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் சர்க்கரை நோயை உலக சுகாதார நிறுவனம் 1985-ல் தனி வகையாகப் பட்டியலில் வைத்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 1999-ல் எடுத்துவிட்டது. எடுத்ததால் நோய் போகவில்லை. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் நிகால் தாமஸ் குழுவினரும் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து இந்த ஒல்லியான நோயாளிகளை நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். இவர்களிடம் இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு, ஆனால் உடல் இன்சுலினுக்கு நன்றாகவே மசிகிறது என்று 2022-ல் எழுதினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் பாடநூல் அச்சாகும்போது இது நடந்திருக்காது. உடல் இன்சுலினுக்கு மசிகிறது என்றால் உங்களுக்கு அதன் பொருள் என்ன? சிறிய அளவு ஊசியே இவர்களைத் தரையில் தள்ளிவிடும். ஒல்லியான இளைஞர், சர்க்கரை 400 என்றதும் "முதல் வகை" என்று முடிவுகட்டி அந்தக் கணக்கில் ஊசி போட்டு, வீட்டில் போதிய சாப்பாடும் இல்லையென்றால் விளைவை நினைத்துப் பாருங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரையில் நமக்குப் பெருமைப்பட ஒரு பெயர் உண்டு: சென்னை டாக்டர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் ஏழைக் கர்ப்பிணி திரும்பி வரவே மாட்டாள் என்பதை உணர்ந்து, எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்ற முறையை நிலைநாட்டியவர். அரசு அதை ஏற்றது. அவர் பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள், 2022-ல் பத்மஸ்ரீ. மட்டாஞ்சேரி அரசு மகளிர் - குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் பேசும்போது ஒரு பயத்தை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள், ஊசி குழந்தைக்குப் போய்விடுமா என்று. இன்சுலின் பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைக் கடந்து போவதில்லை, போவது தாயின் ரத்தத்திலுள்ள அதிகச் சர்க்கரைதான் என்று சொல்லுங்கள். பெரும்பாலான தாய்மார்கள் அதைக் கேட்டதும் கையை நீட்டிவிடுவார்கள்.

பிறந்து ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை பெரும்பாலும் ஒற்றை மரபணுக் கோளாறு. அவர்களில் ஒரு பகுதியினர் ஊசியிலிருந்து கிளிபென்கிளமைட் மாத்திரைக்கே மாற முடிகிறது. வகையைச் சரியாகக் கண்டால் ஒரு குழந்தையின் வாழ்நாள் ஊசிகள் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது குப்பிக்கு வருகிறேன்.

இந்தியாவில் குப்பியில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு யூ-40, ஊசி மூடி சிவப்பு. பேனாக்களிலும் சில குப்பிகளிலும் ஒரு மி.லி.யில் 100 யூனிட். அதற்கான சிரிஞ்சு யூ-100, ஊசி மூடி ஆரஞ்சு. கொச்சியில் பாதி வீடுகளில் யாராவது வளைகுடாவில் இருப்பார்கள். லீவில் வரும் மகன் அம்மாவுக்கு அங்கிருந்து இன்சுலின் குப்பி கொண்டுவருவான், அன்போடு, காசு செலவழித்து. அங்கே கிடைப்பது 100 யூனிட் குப்பி. வீட்டில் இருப்பது முக்குக் கடையில் வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சு. அம்மா எப்போதும்போல் 20 கோடு வரை இழுப்பார். 20 கோடு என்பது அந்த சிரிஞ்சில் அரை மி.லி. புதுக் குப்பியில் அரை மி.லி. என்றால் 50 யூனிட். வழக்கத்தைவிட இரண்டரை மடங்கு, இரவு உணவுக்கு முன். தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்டுதான். சர்க்கரை குறையவே இல்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்; ஒருநாள் யாரோ சரியான சிரிஞ்சை வாங்கிக் கொடுப்பார்கள். அன்றுதான் விபத்து.

இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், "எத்தனை யூனிட் போடுறீங்க?" என்று கேட்பதோடு நிற்காமல் குப்பியையும் சிரிஞ்சையும் மேசைமேல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குப்பியில் அச்சடித்திருக்கும் எண்ணும் சிரிஞ்சில் அச்சடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் அந்த எழுத்தைப் படிக்க முடியாத பாட்டி தினமும் எப்படி அளவெடுக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

வார்டிலும் இதுபோல் ஒரு கண்ணி உண்டு. யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அவசரத்தில் அது சைபர் மாதிரித் தெரியும். 4 யூனிட் 40 ஆகும். டிரக் சார்ட்டில் எப்போதும் முழுச் சொல்லாக எழுதுங்கள், எழுதாதவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இன்சுலினை இழுத்ததும் இன்னொரு நர்ஸிடம் குப்பியையும் சிரிஞ்சையும் காட்டிச் சரிபார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். சீனியர் சிஸ்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எங்கள் பக்கம் அதிகம் புழங்குவது 30/70 கலவை. 20 யூனிட் போட்டால் அதில் 6 யூனிட் சாதாரண இன்சுலின், அரைமணியில் வேலையைத் தொடங்கி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம் தொடும். 14 யூனிட் என்.பி.ஹெச்., மெதுவாகத் தொடங்கி நான்கிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் எங்கோ உச்சம் தொடும். காலை ஏழரைக்குக் கலவை போட்டவருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் ஆபத்து எந்த நேரத்தில் என்று அட்டவணையை வைத்துக் கணக்கிடுங்கள். மூட்டைத் தொழிலாளி லாரி வந்ததால் மூன்று மணிவரை சாப்பிடவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதும் அதிலேயே தெரியும். அட்டவணை உயிர்பெறும் இடம் அதுதான்.

கலவையும் என்.பி.ஹெச்.சும் பால்போல் கலங்கியிருக்கும். அடியில் தங்கியிருப்பதை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் மெதுவாகத் திருப்பிச் சீராக்க வேண்டும், குலுக்கக் கூடாது. சாதாரண இன்சுலினையும் என்.பி.ஹெச்.சையும் ஒரே சிரிஞ்சில் எடுப்பதானால் தெளிந்ததை முதலில், கலங்கியதைப் பிறகு. கிளார்ஜினை எதனோடும் கலக்கக் கூடாது. அது அமிலக் கரைசல், தோலடியில் சமநிலைக்கு வந்ததும் நுண்படிகமாகப் படிந்து மெல்லக் கரைவதால்தான் ஒருநாள் நிற்கிறது. பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளிச் சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும், அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டியாகத் திரளும். அங்கே வலிக்காது, அதனால் மக்கள் அங்கேயே குத்துவார்கள். மருந்து சரியாக உறிஞ்சப்படாது, ஒருநாள் 300, ஒருநாள் 60. கண்ணுக்குத் தெரியாத கட்டி விரலுக்குத் தெரியும். இடத்தை மாற்றச் சொல்லும்போது ஒன்றைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள், நல்ல தோலில் அதே அளவு முழுதாக உள்ளே போகும், சர்க்கரை சடாரென்று இறங்கலாம். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்த பிறகே மாற்ற வேண்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளுக்கு மண்பானைக்குள் மணல் போட்டு ஈரமாக வைத்துக் குப்பியை வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். மதுரை, திருச்சி வெயிலில் அது நன்றாக வேலை செய்யும், காற்று காய்ந்திருப்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். கொச்சியின் காற்று அப்படியா? மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணியே இரண்டு நாளாகக் காய்வதில்லை. அந்த ஈரக்காற்றில் பானை ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் குளிராது. இங்கே பக்கத்து வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் புதுக் குப்பிகளை வைத்துவிட்டு, உபயோகத்திலுள்ள ஒன்றை மட்டும் அடுப்பும் ஜன்னல் வெயிலும் படாத இடத்தில் வைத்து, திறந்த தேதியை ஒட்டி, நான்கு வாரத்தில் தூக்கிப்போடச் சொல்வதே நடைமுறை. மீன் ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின், உருகினாலும் உயிர் வராது. கலங்கிய வகை என்றால் குப்பியின் சுவரில் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கும், பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

மட்டாஞ்சேரிக்கு ரமலானில் வந்தால் இன்னொரு பாடம். "நோன்பு வைக்காதீங்க" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு வராதீர்கள், அவர்கள் உங்களிடம் சொல்லாமல் வைப்பார்கள், ஊசியைத் தாங்களே நிறுத்துவார்கள். முதல் வகை, கர்ப்பிணி, சிறுநீரகம் கெட்டவர், அண்மையில் மயங்கி விழுந்தவர் இவர்களுக்கு நோன்பு பெரும் ஆபத்து, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு வேளை கலவை போடுகிறவருக்குப் பொதுவாக டாக்டர்கள் காலை அளவை இஃப்தாருக்கு மாற்றி, இரவு அளவைப் பாதியாக்கி ஸஹருக்குத் தருவார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்று பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ, மக்ரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். பர்யூஷண் உபவாசம் இருக்கும் ஜைன வீட்டிலும், ஏகாதசி இருக்கும் கொங்கணி வீட்டிலும் இதே மரியாதையோடு இதே பேச்சு.

லோ சுகர் பற்றி உங்களுக்குத் தெரியும்: 70-க்குக் கீழ், வியர்வை, நடுக்கம், படபடப்பு. மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பீட்டா-பிளாக்கர் மாத்திரை எடுக்கிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. அந்த நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

கீட்டோன் ஏறிய நோயாளி அவசரப் பிரிவுக்கு வந்ததும் எல்லோர் மனமும் இன்சுலினுக்கே ஓடும். முதலில் சலைன். பொட்டாசியம் அறிக்கை வரட்டும். 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம் ஏற்ற வேண்டும், ஏனென்றால் இன்சுலின் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், இதயம் தாளம் தவறும். ஐம்பது மி.லி. சலைனில் 50 யூனிட் சாதாரண இன்சுலின் என்றால் நம் 40 யூனிட் குப்பியிலிருந்து 1.25 மி.லி. டியூபின் பிளாஸ்டிக்கில் இன்சுலின் ஒட்டிக்கொள்ளும், அதனால் முதல் 20 மி.லி.யை ஓடவிட்டுக் கழித்துவிட்டு இணைக்க வேண்டும். சர்க்கரை 250-க்குக் கீழ் வந்ததும் இன்சுலினை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள், டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துத் தொடர வேண்டும். நாம் துரத்துவது கீட்டோனை.

கடைசியாக, பயன்படுத்திய ஊசிகள். எங்கள் வீடுகளில் குப்பை எடுக்க வருகிறவர்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். பிளாஸ்டிக் பையைக் கையால் பிரித்துத் தரம் பிரிக்கும்போது உள்ளே கிடக்கும் ஊசி குத்தினால், அது யாருடைய ரத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் போகிற ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி, மேலே "ஊசி" என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டி, நிறைந்ததும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ கொடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
மட்டாஞ்சேரியிலிருந்து உங்கள் அக்கா